கருந்தலையனுக்கு அரை ஸ்பூன்

இன்றைக்கும் பப்பாளியை இரண்டு பேருக்கு நறுக்கிவிட்டேன். பத்து நாளாக இதுதான் நடக்கிறது, கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது தன்பாட்டுக்கு இரண்டு கீற்றை எடுத்து, விதை வழித்து, தோல் சீவி, கடலைமிட்டாய் அளவுக்குத் துண்டு போட்டு இரண்டு எவர்சில்வர் கிண்ணத்திலும் சமமாகப் போட்டுவிட்டுத்தான் நிற்கிறது. இரண்டாவது கிண்ணத்தை என் பிள்ளை தன்ஷிகா பக்கம் தள்ளினேன். சாக்கின் மேல் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு துண்டை எடுத்து, தலையை அண்ணாந்து, கூட்டுப் பறவை போடுகிற மாதிரியே வாய்க்குள் போட்டாள். அந்தப் பறவை பழத்தை மெல்லாது, அலகு நுனியில் பிடித்து ஒரு சுண்டு சுண்டும், பழம் மேலே போய் நேராகத் தொண்டைக்குள் விழும், அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். இப்படித் தின்னாதே கண்ணு, புரையேறும். சொன்னால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஈறு வெளுத்துத் தெரிகிறது. தெரியவில்லை. வெயில் அப்படிக் காட்டுகிறது. கத்தியைப் பலகையில் தட்டி ஒட்டியிருந்ததை உதறினேன், டொக், டொக், என்று இரண்டு தட்டு, மூன்றாவதைத் தட்டாமல் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டேன். மூன்று தட்டு தட்டுவது கருந்தலையன், ஜோடியில் ஆண். கிண்ணத்தோடு நான் கம்பிக் கதவைத் திறந்தால் போதும், உட்கார்ந்திருக்கிற கட்டையில் அலகால் டொக் டொக் டொக் என்று மூன்று, பந்திக்கு உட்கார்ந்தவன் இலையைத் தட்டுகிற மாதிரி. இப்போது அது இல்லை. தட்டு மட்டும் இருக்கிறது. தென்னை மட்டை விழுந்தாலும் அதுதான், மோட்டார் ரூம் கதவு காற்றில் ஆடினாலும் அதுதான், வீட்டில் என் வீட்டுக்காரர் பூபதி பீடிக்குத் தீப்பெட்டியைத் தட்டினாலும் மூன்று வருகிறதா என்று எண்ணுகிறேன். மணி பத்தரை. பதினொன்றரைக்குப் பறவையைப் பார்க்க டாக்டர் மேடம் வருகிறார். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும், சொல்லாமல் இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

ஆனைமலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தோப்பு இது. தோப்புக்காரர் மகன், நாங்கள் சின்னவர் என்போம், பிரகதீஷ் என்று பெயர், தென்னைக்கு நடுவே கம்பி வலைக்கூடு கட்டி வெளிநாட்டுப் பறவையாக வாங்கி வளர்க்கிறார். கிளி, மைனா மாதிரி இருந்த இருபது கூட்டுக்கு நடுவில் இந்த ஜோடி வந்தபோது ஊரே வந்து பார்த்தது. அராசாரி என்றார் சின்னவர், தென்னமெரிக்காவில் அமேசான் காட்டில் இருக்கிறது, டூக்கான் வகையிலேயே ரொம்பச் சின்னது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, வால் முளைக்கிற இடத்தில் குங்குமத்தைக் கொட்டின மாதிரி சிவப்பு, உடம்புக்குப் பொருந்தாத ஒரு அலகு, மேலே மஞ்சள் கீழே கருப்பு. "இருவாச்சிக் குட்டியாட்ட இருக்குது" என்று கூட்டைக் கழுவுகிற சரசக்கா சொல்ல, "அதும் இதும் சொந்தமே இல்லீங்க்கா" என்று சின்னவர் சொல்ல, "மூக்கைப் பார்த்தா எங்கூட்டுக்காரருக்கே சொந்தமாட்ட தெரியுது" என்று அக்கா சொன்னதில் நான் பப்பாளிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன், அப்படிச் சிரித்தேன். அன்றைக்குத்தான் இதை நீயே பாரு துளசிமணி, உனக்குச் சிரிச்ச மூஞ்சி, பறவைக்குப் பிடிக்கும் என்று சின்னவர் என் கையில் கொடுத்தார். ஆணுக்குத் தலை கருப்பு, பெண்ணுக்குச் செம்மண் நிறம். கருந்தலையன், செந்தலைச்சி. நான் வைத்த பேர். பிள்ளையைக் கூடவே கூட்டிக்கொண்டு வரலாம் என்கிற வேலை இந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு எங்கே இருக்கிறது, நார் மில்லில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதைத்தான் முதலில் நினைக்கிறேன் பாருங்கள், பறவையை இல்லை. இல்லை, பறவையைத்தான் முதலில் நினைக்கிறேன். எதை முதலில் நினைக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் அங்கன்வாடிக்கு நர்சம்மா வந்தார். தன்ஷிகாவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் தேங்காய்ப் பத்தையாக இருந்தது. "ரத்தமே இல்ல துளசி, செவுத்தை நக்குதா பாரு, மண்ணு திங்குதா பாரு." நக்குகிறது, திங்கிறது. விளையாட்டு என்று நினைத்தேன். இரும்புச் சத்து மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார், காலையில் அரை ஸ்பூன், கூடவே ரெண்டு சொட்டு எலுமிச்சை, அப்போதுதான் உடம்பில் ஒட்டும், டீத்தண்ணி மட்டும் கண்ணிலே காட்டாதே, டீ இரும்பை வெளியே தள்ளிவிடும், மலம் கருப்பாகப் போகும் பயப்படாதே, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், எட்டாவது வரை படித்ததில் எதுவும் இப்படி நின்றதில்லை. பதினைந்தே நாளில் பிள்ளை கன்னத்தில் நிறம் வந்தது. சுவரை விட்டாள். ஒரு நாள் தூக்கச் சொல்லி ஓடி வந்தவளைத் தூக்கினேன், கனம் தெரிந்தது. அந்தக் கனத்தோடு திரும்பிப் பார்க்கும்போதுதான் கருந்தலையன் கட்டையில் உட்கார்ந்திருந்தது, இறகெல்லாம் மங்கி, நெஞ்சில் ஒரு இடம் பொத்தலாக, கிண்ணத்தில் இரண்டு பச்சை இறகு கிடந்தது. மறுநாள் நாலு. செந்தலைச்சிக்கும் கழுத்தில் சொட்டை. எனக்குச் சட்டென்று தேங்காய்ப் பத்தை ஞாபகம் வந்தது. இமையை இழுத்துப் பார்க்கலாம் என்று விரலைக்கூடக் கொண்டுபோனேன், கருந்தலையன் விரலைச் செல்லமாகக் கவ்வியது, கவ்விக்கொண்டு விடவில்லை, அந்த அலகு பார்க்கத்தான் கத்தி, உள்ளே வெறும் பொய், காகிதம் மாதிரி லேசு. ரத்தமே இல்ல துளசி. யார் சொன்னது, நர்சம்மாவா நானா. கூடையில் பிள்ளையின் மருந்து இருந்தது. பப்பாளியில் ஊற்றிப் பிசறினேன், அரை ஸ்பூன் அதற்கு, அரை ஸ்பூன் இதற்கு. எலுமிச்சை இரண்டு சொட்டு. ஒரு குறையும் வைக்கவில்லை. பாட்டில் தீர்ந்ததும் கீழே கொட்டிவிட்டது என்று நர்சம்மாவிடம் இன்னொன்று வாங்கினேன். பறவைக்கு வேளை தவறாமல் நாற்பது நாள். எச்சம் கருப்பாகப் போனபோது எனக்குச் சந்தோஷம், வேலை செய்கிறது. கம்பிக்கடியில் தண்ணீர் அடித்துக் கழுவிய சரசக்காதான் கேட்டாள், "என்ன பழம் போடறே அம்மிணி, தார் ஊத்துனாப்பல இருக்குது?" நாவல்பழம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். ஒளிக்க வேண்டும் என்று அப்போது ஒன்றுமே இல்லையே, நல்லது செய்கிறோம் என்று அவ்வளவு நம்பினவள் ஏன் நாவல்பழம் என்றாள். இந்த இடத்துக்கு வந்ததும் நூல் சிக்குகிறது. பத்து நாளாக எந்தப் பக்கம் இழுத்தாலும் நாவல்பழத்தில் வந்துதான் முடிச்சு விழுகிறது. அந்தப் பழம் அப்போது சந்தையிலேயே முடிந்துவிட்டது, அக்காவுக்கும் தெரியும், அவளும் சரி என்று போய்விட்டாள்.

அன்று காலையில் கதவைத் திறந்தபோது தட்டு வரவில்லை. செந்தலைச்சி கட்டையில் தனியாக இருந்தது. கருந்தலையன் தரையில். தூங்குகிறது என்றுதான் நினைத்தேன், இங்கே வந்து ஏன் தூங்குகிறது. தூங்கும்போது இந்தப் பறவை வாலைப் பின்னாலிருந்து மடித்து முதுகின் மேல் போர்த்திக்கொள்ளும், அலகை இறகுக்குள் செருகிக்கொள்ளும், கட்டைப் பொந்துக்குள் டார்ச் அடித்தால் இரண்டு பஞ்சுப் பந்துதான் தெரியும், வாயும் இல்லை வாலும் இல்லை. வால் நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வால் நேராக இருக்கிறது, வால் நேராக இருக்கிறது என்று. கையில் எடுத்தால் கிண்ணத்துக் கனம்கூட இல்லை. சின்னவர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கோயமுத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனார், அறுத்துப் பார்த்தார்கள், முந்தாநாள் போனில் சொன்னார்கள். ஈரல் செங்கல்லாட்ட இருக்குதாம், பூரா இரும்பாம். இந்த ஜாதிப் பறவைக்கு இரும்பு ஆகாதாம், நம்மைப் போல வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளத் தெரியாதாம், கிடைத்ததையெல்லாம் ஈரலில் சேர்த்துச் சேர்த்து ஒரு நாள் சத்தமில்லாமல் விழுந்துவிடுமாம். சின்னவர் இதைச் சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார், "போர்த் தண்ணி! அந்தப் பக்கெட்டுல செவப்புக் கறை புடிச்சிருக்குது பாருங்க, நானும் பார்த்துட்டுத்தான இருந்தேன்!" எல்லோரும் பக்கெட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கறை இருந்தது, நல்ல சிவப்பாக. ஒரு நிமிடம் எனக்கு அந்தக் கறை மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அன்றிலிருந்து கேன் தண்ணீர். தண்ணீர்தான் காரணம் என்றால் தண்ணீரை மாற்றினால் போதும், பெண் பறவையைத் தொந்தரவு செய்ய வேண்டாம், ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாராம் டாக்டர். ஊசி போட்டு ரத்தம் எடுத்துத்தான் இரும்பை இறக்க முடியுமாம், ஆனால் இத்தனூண்டு உடம்பில் ஊசி போட்டால் பயத்திலேயே கையில் போய்விடவும் கூடுமாம். அப்படியென்றால் நான் சொன்னால் ஊசி. சொல்லாவிட்டால் செங்கல். செந்தலைச்சிக்குள் நாற்பது அரை ஸ்பூன் இருப்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

இது ஒன்று என்றால் பரவாயில்லை. ஈரல் என்று போனில் சொன்ன ராத்திரியிலிருந்து, இல்லை, அதற்கு முன்னாலேயே, வால் நேராக இருந்த அன்றிலிருந்தே நான் பிள்ளைக்கு மருந்து கொடுக்கவில்லை. ஸ்பூனைத் தூக்கினால் கை வரவில்லை. அதே பாட்டில், அதே ஸ்பூன். பூபதிக்குத் தெரியக்கூடாது என்று பாட்டிலைக் கூடையிலேயே வைத்துச் சுமக்கிறேன், பாட்டில் இறங்காததைப் பார்த்தால் கேட்பார், ஏன் துளசி என்பார், மரம் ஏறி இறங்குகிற மனுசன், கீழே நடக்கிற எதற்கும் அவருக்குப் பயமே கிடையாது. பிள்ளை நேற்று மறுபடியும் சுவரை நக்கினாள். மோட்டார் ரூம் சுண்ணாம்புச் சுவர். இழுத்துக்கொண்டு வந்து வாயைக் கழுவினேன், நாக்கு வெளுத்திருந்தது சுண்ணாம்பாலா, மற்றதாலா. கொடுத்தால் செங்கல், கொடுக்காவிட்டால் தேங்காய்ப் பத்தை. பிள்ளை வேறு பறவை வேறு என்று தெரியாதவளா நான், பகலில் தெரிகிறது, கூட்டிக்கொண்டிருக்கும்போது தெரிகிறது, ஸ்பூனைத் தூக்கும்போது மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. நர்சம்மாவிடம் கேட்கலாம், எதற்குக் கேட்கிறே என்பார். யாரிடம் கேட்டாலும் அதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. டொக். தலையைத் தூக்கினேன். டொக். சரசக்கா வாளியை வைக்கிறாள் என்று பார்த்தால் அவள் அந்தக் கோடியில் குழாயடியில் இருக்கிறாள். டொக். மூன்று. பிள்ளை வாயில் விரலை வைத்துக் கூட்டுப் பக்கம் காட்டினாள். "மா, கருந்தயன்." அவளுக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்கிறது என்றிருந்ததே, அவளுக்கும் கேட்டிருக்கிறது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன், வேளைக்குப் பழம் வைக்க வேண்டுமே, அது நிற்காதே.

கதவைத் திறக்காமல் வலை வழியாகப் பார்த்தேன். செந்தலைச்சி பொந்துக் கட்டையின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அலகு நுனியில் காலையில் போட்ட பழத்தின் ஒரு துண்டு. உள்ளே எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு அலகைத் திருப்பிக் கட்டையின் விளிம்பில் தட்டியது, டொக், டொக், டொக். காத்திருந்தது. துண்டை உள்ளே நீட்டியது. யாரும் வாங்கவில்லை. இவை ஒன்றுக்கொன்று ஊட்டிவிடும், நான் பார்த்துச் சிரித்ததுண்டு, கலியாணத்தில் கேமராக்காரன் சொல்லி ஊட்டிக்கொள்கிற மாதிரி. பத்து நாளாக நான் கேட்டது கருந்தலையன் இல்லை. இது. அது தட்டிய மாதிரியே இதுவும் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, தரையிலும் பொந்தின் வாயடியிலும் வாடிப்போன பப்பாளித் துண்டுகள், நான் தினமும் கூட்டி அள்ளியது இதைத்தான், சாப்பிடாமல் சிந்துகிறது என்று வைதுகொண்டே. பேய் என்று நினைத்திருந்தபோதுகூட இவ்வளவு பயமில்லை. பேய்க்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இதற்கு இருக்கிறது.

டாக்டர் மேடம் ஸ்கூட்டரில் வந்தார், ஷகிலா பானு என்று பெயர், ஹெல்மெட்டைக் கழற்றி அதிலேயே சாவியைப் போட்டுப் பலகையில் வைத்தார். சின்னவர் தண்ணீர்க் கேனைக் காட்டினார், பக்கெட்டைக் காட்டினார், பரிசோதனைக்கு அனுப்பிய சீட்டைக் காட்டினார். "தண்ணியில இரும்பு இருக்குது, ஆனா இந்த அளவுக்கு ஈரல் போறதுக்கு வருசக்கணக்கா ஆகணுமே" என்றார் மேடம், சின்னவர், "வந்த எடத்துலயே இருந்திருக்கும்ங்க மேடம்" என்றார், மேடம் வலை வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். "பொண்ணு பார்க்க நல்லாத்தான் இருக்கா. இறகு புதுசா முளைச்சு முடிஞ்சிருக்கு." நான் கேட்டுவிட்டேன், "முளைச்சதுங்களா?" "ஆமாம்மா, வருசத்துக்கு ஒரு தடவை பழைய சட்டையைக் கழட்டிப் புதுசு போடும். அப்போ மங்கலாத் தெரியும், அங்கங்க சொட்டை விழும். நோவு இல்ல." நோவு இல்ல. சட்டை மாற்றியிருக்கிறது. என் பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது கை மாட்டிக்கொண்டு அழுவாள், அவ்வளவுதான், அந்த மாதிரி ஒன்று. மேடம் ஹெல்மெட்டை எடுத்தார். சாவி அதற்குள் உருண்டது. "மூணு மாசம் கழிச்சு வர்றேன், தீனியில எதுவும் மாத்தலையே?" சின்னவர், "அதெல்லாம் துளசிமணி கரெக்டா இருக்கும்ங்க" என்றார். அந்த நல்ல வார்த்தைதான் என்னைத் தள்ளிவிட்டது. திட்டியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். கூடையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பலகையில், பப்பாளித் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதைக் குடுத்தேனுங்க."

மேடம் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "எவ்வளவு?" "பாப்பாவுக்கு எவ்வளவோ அவ்வளவுதானுங்க. அரை ஸ்பூன்." "எத்தனை நாள்?" "நாப்பது. ரெண்டுக்குமே. எலுமிச்சை விட்டு." அவர் கத்தவில்லை. "பதினோரு கிலோ குழந்தைக்கு எழுதினது துளசிம்மா. அவ நூத்தி முப்பது கிராம்." சின்னவர்தான், "ஏம்மா, ஒரு வார்த்தை... ஏம்மா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார், கடைசியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். குழாயடியிலிருந்து சரசக்கா, "நாவப்பழம்னு சொன்னியேடி" என்று மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. மேடம் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து பெட்டியை எடுத்தார். "பிடிக்கிறதுக்கு அவளுக்குப் பழகின கை வேணும். நீங்கதான் வரணும்." அதனால் நான்தான் பிடித்தேன். துண்டில் சுற்றி, அலகு மட்டும் வெளியே, உள்ளங்கைக்குள் இதயம் அடிக்கிறது என்று சொல்ல முடியாது, அடி அடியாக இல்லை, ஒரே அதிர்வு, மிக்ஸியைப் பிடித்த மாதிரி. போய்விடாதே சாமி, போய்விடாதே, நீ போனால் அது என் கையில்தான், போகாவிட்டாலும் என் கையில்தான். மேடம் கழுத்து இறகை ஊதி விலக்கினார். ஊசி உள்ளே போனதை நான் பார்க்கவில்லை, அதன் கண்ணைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, பழம் கொண்டுவருகிற ஆள் என்றுதான் இன்னமும் பார்த்தது. ஒரு மில்லி. ஊசிக்குள் ஏறிய ரத்தம் கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருந்தது. இவ்வளவு சிவப்பா. ரத்தமே இல்ல துளசி என்று நான் நினைத்த உடம்புக்குள் இவ்வளவு சிவப்பு. விட்டதும் கட்டைக்குப் பறந்துபோய் உட்கார்ந்து இறகைச் சிலிர்த்தது. உட்கார்ந்திருந்தது. இன்னும் உட்கார்ந்திருந்தது. "வாரம் ஒரு தடவை எடுக்கணும், மூணு நாலு மாசம். பிழைப்பாளான்னு இப்போ சொல்ல முடியாது. பழத்து மேல ஆறின வரட்டீ ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க, பால் சர்க்கரை இல்லாம. டீ இரும்பை வெளிய தள்ளும்." அது எனக்கு மனப்பாடம். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இதை மட்டும் சொன்னேன், "இவளுக்குப் பத்து நாளா நிறுத்திட்டேனுங்க மேடம்." அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, நர்சம்மா செய்த மாதிரியே கட்டைவிரலால் இமையை இழுத்தார். உடனே விட்டுவிட்டார். "நான் மாட்டு டாக்டர்ம்மா, குருவி டாக்டர். ஆனா இது எனக்கே தெரியுது. நிறுத்தாதீங்க. இன்னைக்கே குடுங்க, நாளைக்கு நர்சம்மாகிட்டக் காட்டுங்க."

மணி ஒன்று. அடுப்பில் டீத்தூள் கொதித்து இறங்கி ஆறுகிறது, நல்ல கருப்பாக. பக்கத்தில் பாட்டில், அதுவும் கருப்பு. இரண்டு ஸ்பூன் எடுத்தேன், ஒன்றின் காம்பில் பிள்ளை சடையிலிருந்து அவிழ்த்த சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். ரிப்பன் கட்டியது பிள்ளைக்கு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். டீயை மொண்டு பப்பாளி மேல் விட்டேன், முகர்ந்து பார்த்தேன், டீதான். செந்தலைச்சி இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்தது, பொந்துப் பக்கம் திரும்பியது, பிறகு அண்ணாந்து தானே விழுங்கியது. ரிப்பன் ஸ்பூனில் மருந்தை ஊற்றினேன், அரை. முகர்ந்து பார்த்தேன், துருப்பிடித்த ஆணி வாசனை. நக்கியும் பார்த்தேன். எலுமிச்சை இரண்டு சொட்டு. சாயங்காலம் சின்னவர் என்ன சொல்வார், நாளைக்குச் செந்தலைச்சிக்கு இந்த டீயை யார் ஆற்றுவார்கள், ரிப்பனைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வார்கள். "ஆ காட்டு கண்ணு." காட்டினாள். கை வழியிலேயே நின்றது, அவள் அண்ணாந்து அலகு மாதிரி வாயைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள், தானே எட்டி ஸ்பூனைக் கவ்விக்கொண்டாள், பால்பல் எவர்சில்வரில் பட்டது. டொக். டொக். நான் மூன்றாவதற்குக் காத்திருந்தேன். அவள் விழுங்கிவிட்டிருந்தாள்.